மலையில் ஓடும் மின்சார கார்: முழுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) நடைமுறைக்கு வந்தது முதல், மின்சார கார்களை மட்டும் மலைக்கு விட்டால் மாசு தீர்ந்துவிடும் என்ற பேச்சு குன்னூரிலும் உதகையிலும் அடிக்கடி காதில் விழுகிறது. குந்தாவிலும் பைக்காராவிலும் நீர்மின்சாரம் எடுக்கும் நமக்கும் நிலக்கரிப் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. பைக்காரா மின்நிலையம் 1932 முதல் இயங்குவது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் பொதுத் தொகுப்பில் கலந்துவிடுவதால், இரவில் உதகையில் சார்ஜ் ஏறும் காருக்கு நெய்வேலி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களும் சேர்ந்தே மின்சாரம் தருகின்றன.

மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நூறு கி.மீ.க்கு 15 யூனிட் எடுக்கும் காரின் பங்கு பத்தரை கிலோ. அதே தூரத்துக்கு 7 லிட்டர் பெட்ரோல் எரித்தால் 16 கிலோ. கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, டேங்கர் லாரியில் மலையேற்றுவது எல்லாம் சேர்ந்தால் 19 கிலோவை எட்டும். ஆனால் 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியைத் தயாரிக்கும்போதே சுமார் 3 டன் வெளியாகிவிடுவதால், அந்தக் கடன் அடையவே 35,000 கி.மீ.க்கு மேல் ஓடியாக வேண்டும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அன்றாடம் போய்வரும் வாடகை கார் ஏறக்குறைய ஓராண்டில் அதை ஓடிவிடும். விடுமுறைக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் பங்களாக்காரரின் கார் எட்டு ஆண்டு ஆனாலும் ஓடி முடிக்குமா என்பது சந்தேகமே.

மலைப்பாதையில் இன்னொன்றும் இருக்கிறது. பர்லியாறு பக்கம் இறங்கும் கார்களின் பிரேக் கருகும் வாடை நமக்குப் பழகிப்போனது. மின்சார கார் இறக்கத்தில் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவதால் பிரேக் துகள் குறைகிறது. எடை கூடுதலால் டயர் தேய்மானம் சற்றுக் கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதகையிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பிவரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. விருந்தினரின் காரை இரவெல்லாம் சார்ஜில் போட்டு வைப்பதை உபசாரமாக நினைக்கும் விடுதிகள் இதைக் கவனிக்கலாம். எண்பது சதவீதமே தாராளம்.

எனவே, மின்சார வாகனச் சலுகைகளைச் சொந்தக் கார்களுக்கு முன்பாக வாடகை கார்களுக்கும் சிற்றுந்துகளுக்கும் வழங்க வேண்டும். சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் சார்ஜ் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. அதற்கான சேகரிப்பு மையம் ஒன்றை மேட்டுப்பாளையத்திலாவது அமைக்கச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்