மேல்தாடை எலும்பைப் பற்றி மகளுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். தொலைபேசியில் நீ கேட்டதற்கு அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால் கிளினிக்கை மூடிவிட்டு வந்து எழுதுகிறேன். மேக்ஸில்லாவில், அதாவது மேல்தாடை எலும்பில், எங்கு பார்த்தாலும் துளைகளும் மேடுகளும் பெயர்களும்தான், எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்பதில்லை என்றாய். அந்த எலும்பைத் தனியாக மேசைமேல் வைத்துப் படிப்பதால்தான் அப்படி ஆகிறது. அதற்கு மேலே கண்குழி, உள்பக்கம் மூக்கு, கீழே பற்களும் அண்ணமும், எலும்புக்கு உள்ளேயே காற்று நிறைந்த சைனஸ் அறை. இந்த அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் படித்தால் ஒவ்வொரு துளையும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

முதலில் உன் வாயிலேயே தொடங்கு. மேல் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கு நுனியை வைத்தால் நடுவில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதற்கு நேர் மேலேதான் இன்ஸைஸிவ் துளை இருக்கிறது. மூக்கிலிருந்து இறங்கும் நேசோபாலட்டைன் நரம்பு அதன் வழியாக வெளிவந்து, இந்தப் பக்கக் கோரைப்பல் முதல் அந்தப் பக்கக் கோரைப்பல் வரை முன் அண்ணத்துக்கு உணர்ச்சி தருகிறது. நாக்கை மெல்லப் பின்னால் நகர்த்து. குறுக்கு வரிகள் வரும், நடுவில் ஒரு கோடு நீளும், பிறகு எலும்பு முடிந்து அண்ணம் மெத்தென்று ஆகும். அந்த நடுக்கோடு, கருவின் 8 முதல் 12 வாரங்களுக்குள் இருபுறத் தட்டுகளும் வந்து இணைந்த இடம். அங்கே இணையாமல் போனால் குழந்தை அண்ணப்பிளவோடு பிறக்கிறது. கன்னத்தின் உட்புறம், மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உள்ள சிறு முனையையும் தொட்டுப் பார். அது பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய். ஏதோ கட்டி என்று பயந்து அதைக் காட்ட வருபவர்கள் உண்டு.

மரத்துப்போகும் ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதும் இந்த எலும்பின் அமைப்பில்தான் இருக்கிறது. மேல்தாடையின் வெளித்தகடு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. ஆகவே வேர் நுனிக்கு நேராகக் கன்ன மடிப்பில் மருந்தைச் செலுத்தினாலே அது உள்ளே ஊறிப் பல்லின் நரம்பை எட்டிவிடுகிறது. கீழ்த்தாடைக் கடைவாயில் தகடு தடித்து இறுகியிருப்பதால், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தையே தேடிப் போக வேண்டியிருக்கிறது. மேலே முதல் கடைவாய்ப் பல்லிடம் மட்டும் கவனமாக இரு. கன்ன எலும்பின் தாங்கல் அங்கே இறங்குவதால் தகடு தடிக்கும். அதோடு அப்பல்லின் முன்புற வெளிவேருக்குப் பலரிடம் நடு மேல்பல் நரம்பு என்ற வேறொரு கிளை வருவதால், கடைவாய்ப் பற்களுக்கு வழக்கமாக உணர்ச்சி தரும் பின் மேல்பல் நரம்பை மட்டும் மரக்கச் செய்தால் நோயாளி வலி தாங்காமல் கையைப் பிடித்துக்கொள்வார். அண்ணத்தில் போடும் ஊசி அதிகம் வலிப்பதற்கும் காரணம் உண்டு: தோல் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது, மருந்து பரவ இடமில்லை. பஞ்சுக் குச்சியால் அவ்விடத்தைச் சற்று நேரம் அழுத்திவிட்டு, மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். இந்தப் பொறுமையை முதல் நோயாளியிடமிருந்தே பழக்கமாக்கிக்கொள்.

இனி சைனஸ். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். லியனார்டோ டா வின்சி 1489இல் வரைந்த மண்டையோட்டுப் படங்களிலேயே இந்த அறை இருக்கிறது. 1651இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் விரிவாக விவரித்ததால் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. பெரியவர்களிடம் இது சுமார் 15 மில்லி கொள்ளும். இதன் வழி மூக்கின் நடுப்பாதையில் திறந்தாலும், அத்துளை அறையின் உட்சுவரில் உயரத்தில் இருக்கிறது; அடியில் மதகு இல்லாமல் மேல்விளிம்பில் மட்டும் ஓட்டை உள்ள தொட்டியைப் போல, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சளி எளிதில் வடிவதில்லை. அறையின் தரைக்கு மிக அருகில் நிற்பவை முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களின் வேர்கள். சிலரிடம் இடையில் ஒரு மெல்லிய ஏடும் சவ்வும் மட்டுமே இருக்கும். பல்லுக்குப் போகும் நரம்புகளே அந்தச் சவ்வுக்கும் கிளை தருகின்றன.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மேல் கடைவாய் முழுவதும் வலி என்று வந்தார். வேறோரிடத்தில் ஒரு பல்லை எடுத்தும் வலி தீரவில்லை. மீதிப் பற்களைத் தட்டினால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வலித்தன, ஆனால் ஒன்றிலும் சொத்தை இல்லை, குளிர்ச்சி பட்டதும் எல்லாம் சரியாகவே உணர்ந்தன. குனிந்து முற்றம் பெருக்கும்போது வலி கூடுகிறதா என்று கேட்டேன். கூடுகிறது என்றார், அதற்கு முன் நன்றாகச் சளி பிடித்திருந்தது என்றும் சொன்னார். வலி பல்லில் இல்லை, சைனஸில்தான் என்று புரிந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன், மருந்திலேயே வலி அடங்கியது. எடுத்த பல் போனது போனதுதான். அந்த ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருக்கலாமே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

பல் எடுக்கும்போது வேர் அறைக்குள் புகுந்துவிடுவதும், தரை திறந்துகொண்டு, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வருவதும் நேரும். அடுத்தடுத்த பற்கள் விழுந்து தனியாக நிற்கும் மேல் கடைவாய்ப் பல்லில் இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் பல் போன இடங்களில் அறை கீழ்நோக்கி விரிந்து எலும்பைத் தின்றுவிடுகிறது. இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க எலும்பு போதாமல் சைனஸ் தரையை உயர்த்த வேண்டி வருவதும் அதனால்தான். சிறு திறப்பு இரத்தம் உறைந்து தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தைத்து மூட வேண்டும். எதுவானாலும் நோயாளி மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது எலும்புப் பெட்டியை எடுத்து வா. கிளினிக்கில் பழைய ஓபிஜி படங்களை (இரு தாடைகளும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே) உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சைனஸின் தரையைப் பென்சிலால் வரைந்து, எந்த வேர் அதைத் தொடுகிறது என்று நீயே சொல்ல வேண்டும். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா