மின்தூக்கிக்குள் போன மெசேஜ்

அன்புள்ள மணி,

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. இங்கே தோ பாயோவில் எல்லாரும் சுகம்.

வார இறுதித் தமிழ் வகுப்புத் தொண்டூழியர்களுக்கு ஓர் அரட்டைச் செயலி செய்கிறேன் என்றேனே, அதற்கு சர்வர் முடிவாகிவிட்டது. முதலில் வெப்சாக்கெட் (போனுக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு) வைத்து நானே எழுதியதைத்தான் ஓட்டினோம். ஒரு சனிக்கிழமை, வகுப்பறை மாறிய செய்தி ஓர் ஆசிரியைக்குப் போகவே இல்லை. அந்த நேரம் அவர் புளோக் மின்தூக்கிக்குள் இருந்திருக்கிறார். சிக்னல் அறுந்தது சர்வருக்குத் தெரியாது. இணைப்பு இருக்கிறது என்று நம்பி அனுப்பிவிட்டது. அவரும் பிள்ளைகளும் பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் 1999இல் ஜாபர் என்று தொடங்கிய எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையின் பக்கம் வந்தேன். இந்தச் சிக்கலுக்கு அதில் ஏற்கெனவே வழி இருக்கிறது. ஸ்ட்ரீம் மேனேஜ்மென்ட் என்று பெயர். வந்து சேர்ந்தவற்றை இரு பக்கமும் எண்ணி, எண்ணிக்கையை எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லும். அறுந்த இணைப்பு திரும்பியதும், எண்ணிக்கையில் வராதவற்றை மட்டும் மறுபடி அனுப்பும். எவ்வளவு எளிமை பார்!

நீ சொன்ன மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு நெறிமுறையையும் போட்டுப் பார்த்தேன். ஓர் அரட்டை அறையின் உரையாடல் அதில் சேர்ந்த எல்லா சர்வரிலும் பதிவாவது அருமையான யோசனை. ஆனால் எங்கள் சின்ன வாடகை சர்வருக்கு, மேட்ரிக்ஸின் சர்வர் மென்பொருளான சினாப்ஸ் கேட்ட மெமரி கட்டுப்படியாகவில்லை.

மிஞ்சியவை எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருள்களான இஜாபர்டியும் புரோசடியும். இஜாபர்டி, எரிக்சன் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதியது. அதைத் திருத்திப் பயன்படுத்திய வாட்ஸ்அப், 2012இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. நாங்களோ அறுபது பேர். லுவா மொழியில் எழுதிய புரோசடி கொஞ்சம் மெமரியிலேயே ஓடுகிறது. அதன் செட்டிங்ஸ் முழுவதும் ஒரே கோப்பில். நான் வேலை மாறிப் போனாலும் இன்னொரு தொண்டூழியர் திறந்து பார்த்துப் புரிந்துகொள்வார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. புரோசடியையே எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் அதே மின்தூக்கியில் போனை வைத்துக்கொண்டு நாலு தடவை ஏறி இறங்கினேன். ஒரு மெசேஜ்கூடத் தவறவில்லை!

ஐபோன்தான் இன்னும் படுத்துகிறது. திரை அணைந்தால் செயலி உறங்கிவிடும். ஆப்பிளின் புஷ் அறிவிப்புச் சேவை வழியாகத்தான் எழுப்ப வேண்டும். நீ அந்த வேலை செய்தவன். தீபாவளிக்கு வரும்போது மடிக்கணினியையும் கொண்டு வா. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு உட்காருவோம்.

அன்புடன்,
சேகர்