மனநோயாளியின் கையில் ஏன் தடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த சிறுகதையின் நாயகன் ஒரு மேசன். மனநோயால் வேலையை விட்டு, மருந்தெடுத்து மீள்கிறார். கதைக்குப் போட்ட படத்திலோ சடைபிடித்த தலை, கிழிந்த சாறன், கையில் தடி. கதையில் தடியே இல்லை.

இந்தத் தடி மிகப் பழையது. 2024 ஒக்டோபர் தொடக்கம் 2025 பெப்ரவரி வரை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மூடர், பித்தர் உருவங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அங்கிருக்கும் தம்பியின் மகன் படங்கள் அனுப்பினான். பிறகு நானும் தேடிப் பார்த்தேன். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கையால் எழுதிய சங்கீதப் புத்தகங்களில் (சங்கீதம் என்பது பைபிளில் உள்ள துதிப்பாடல்), 53ஆம் சங்கீதத்தின் பெரிய முதலெழுத்துக்குள்ளே ஒருவன் நிற்பான். அரை நிர்வாணம், மழித்த தலை, ஒரு கையில் தடி, மறு கையில் வட்ட ரொட்டி. தேவன் இல்லை என்று உள்ளத்தில் சொல்லும் மதிகேடனாம் அவன். அக்கிரமக்காரர் அப்பத்தைத் தின்பதுபோல் ஜனத்தைத் தின்கிறார்கள் என்று அதே சங்கீதத்தில் வருவதால்தான் அந்த ரொட்டி என்கிறார்கள். போகப்போக அவனுக்குக் கழுதைக் காதுக் குல்லாவும் மணிகளும் மாட்டி, அரசவைக் கோமாளியாக்கிவிட்டார்கள்.

கடவுளை மறுப்பவனைக் காட்ட, தெருவில் அலையும் பித்தனின் உருவத்தை எடுத்தார்கள். நோயாளியின் மேல் பாவியின் பெயரும் ஒட்டிக்கொண்டது. பைபிளில் புத்தி பேதலித்துப்போகும் பாபிலோன் ராசா நேபுகாத்நேச்சாரையும் நாலுகாலில் புல் மேய்பவனாகவே வரைந்தார்கள். அந்தக் கதை வரும் பைபிளின் தானியேல் புத்தகத்தில், அதே அதிகாரத்தின் முடிவில் அவனுக்குப் புத்தி தெளிகிறது, மந்திரிமார் தேடி வருகிறார்கள், ராச்சியமும் திரும்பக் கிடைக்கிறது. நான் பார்த்த படங்களில் அந்தக் காட்சி ஒன்றுகூட இல்லை. எனக்கு மிகவும் மனம் நொந்தது அதற்குத்தான்.

மட்டக்களப்பில் மனநலப் பிரிவொன்றில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். கிளினிக் நாளில் வாங்கில் இருந்தவர்கள் மீன் வியாபாரி, தையல்காரி, ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளை, கூட வந்த தாய். மினுக்கிய சேட்டோடு வருவார்கள். மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்புவார்கள். பஸ்ஸில் யாரும் காணக்கூடாதென்று கிளினிக் கொப்பியைப் பையின் அடியில் ஒளித்துவைப்பார்கள். பிள்ளையைக் கூட்டிவர மாதக்கணக்கில் தயங்கிய பெற்றோரும் உண்டு. 'எங்கட பிள்ளை அப்படிப்பட்ட பைத்தியம் இல்லை' என்பார்கள். 'அப்படிப்பட்ட' என்றால் அவர்கள் மனதில் நிற்பது இந்தப் படம்தான்.

உங்கள் ஓவியர் கைதேர்ந்தவர். அவரது கோடுகளை நான் விரும்பிப் பார்ப்பவள். இனி இப்படியான கதைக்கு வரையும்போது, முழுக்கதையையும் வாசிக்கக் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் நோயாளி உள்ள ஒரு குடும்பத்திடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு அறிமுகப்படுத்தி வைக்க நான் தயாராக இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.