ட்ரிப்டோஃபேன் மாத்திரை வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புரத உணவில் இருக்கும் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி, மகிழ்ச்சிக்கு ட்ரிப்டோஃபேன் உணவுகள் என்று சென்ற வார நலவாழ்வு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் எதிர்வீட்டு அம்மா கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். அதோடு நிற்காமல், பேரனிடம் சொல்லி ஒரு டப்பா ட்ரிப்டோஃபேன் மாத்திரையும் வரவழைத்துவிட்டார். அவர் மனச்சோர்வுக்கு ஏற்கெனவே எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறவர். இரண்டுமே மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டக்கூடியவை. சேர்த்துப் போட்டால் உடம்பில் அது அளவு மீறி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லவேளையாக மூடியைத் திறக்கும் முன் என் கண்ணில் பட்டது. மற்ற வீடுகளை நினைத்து இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் பொய் ஏதும் இல்லை. பாதியோடு நின்றுவிட்டது என்பதே என் வருத்தம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவள் என்பதால் மீதியைச் சொல்கிறேன்.

ட்ரிப்டோஃபேனிலிருந்துதான் உடல் செரோட்டோனினைச் செய்கிறது. ஆனால் அதற்குப் போவது 100-ல் ஒன்றிரண்டு பங்குதான். உடலில் உடைபடும் ட்ரிப்டோஃபேனில் 90 விழுக்காட்டுக்கு மேல் போவது, அதைக் கைனுரெனின் என்ற வேறொரு பொருளாக மாற்றும் பாதையில். அந்தப் பாதைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கல்லீரலில் எப்போதும் திறந்திருப்பது. இன்னொன்று ஐடிஓ என்ற நொதி. நலமாக இருக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. உடலில் அழற்சி கிளம்பி, நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்ததும் அது முழு வேகத்தில் ஓடத் தொடங்கும்.

உடல் இதைக் காரணமில்லாமல் செய்வதில்லை. உள்ளே புகுந்த கிருமிக்கும் ட்ரிப்டோஃபேன் வேண்டும். அதைத் தீர்த்துவிட்டால் கிருமி பட்டினி கிடக்கும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இப்படித்தான் மடக்கப்படுகிறது என்று 1984-ல் அமெரிக்க விஞ்ஞானி எல்மர் ஃபெஃபர்கார்ன் காட்டினார். காசநோய்க் கிருமியிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. தனக்கு வேண்டிய ட்ரிப்டோஃபேனை அது தானே செய்துகொள்கிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

கிருமி போனதும் ஐடிஓ அடங்கிவிட்டால் தொல்லையில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்கும் நோய்களில்தான் சிக்கல். இரத்தத்தில் ட்ரிப்டோஃபேன் குறைகிறது, கைனுரெனின் கூடுகிறது. கைனுரெனின் மூளைக்குள் போகக்கூடியது. அங்கே அதிலிருந்து குயினோலினிக் அமிலம் உண்டாகி நரம்பணுக்களைத் தூண்டி வாட்டுகிறது. முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு அதே இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள். அதுவரை மனநோய் எதுவும் இல்லாதவர்கள் பலர் அந்த ஊசிக்குப் பின் கடும் சோர்வில் விழுந்தார்கள். அவர்கள் இரத்தத்தில் ட்ரிப்டோஃபேன் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

என் தங்கைக்கு 42 வயதில் சரவாங்கி என்ற மூட்டு அழற்சி நோய் வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. ரவிக்கை ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிடுவாள். கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுத்தோம். வலியைவிட எங்களைப் பயமுறுத்தியது அவள் அழுகை. அடுப்படியில் நின்றபடி காரணமே இல்லாமல் அழுவாள். வந்தவர்கள் எல்லாரும் "ராத்திரி ரெண்டு வாழைப்பழம் சாப்பிடும்மா, மனசு லேசாகும்" என்றார்கள். அவளும் சாப்பிட்டாள். மூட்டு மருத்துவர் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைத் தொடங்கி நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் காலையில் போனேன். ஊக்கைத் தானே மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வீக்கம் வடிந்ததோடு அழுகையும் நின்றிருந்தது. ஒரு தங்கையை வைத்து விதி எழுதிவிட முடியாது, வலி குறைந்தாலே மனம் தேறும் என்பதும் உண்மைதான். ஆனாலும் வீட்டில் தீராத மூட்டுவாதமோ குடல் அழற்சியோ உள்ள ஒருவர் சோர்ந்து கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த அழற்சி கட்டுக்குள் இருக்கிறதா என்பதைத்தான். கூடவே மனச்சோர்வுக்கும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாழைப்பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் பழத்தில் இருப்பது ஏறத்தாழ 9 மில்லிகிராம் ட்ரிப்டோஃபேன். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 240 மில்லிகிராம். பழத்தை மட்டும் நம்பினால் 25-க்கு மேல் தின்ன வேண்டும். பருப்பும் பாலும் முட்டையும் வேர்க்கடலையும் ஒழுங்காகச் சாப்பிடுகிற வீட்டில் இதற்குப் பஞ்சம் வராது. பழத்திலேயே இருக்கும் செரோட்டோனினோ மூளைக்குள் நுழையாது.

சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது, உடம்பில் அது எந்த வழியில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி டாக்டர் சி. கோபாலன், சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து 1960-ல் சோளத்தையே உண்டு வாழும் தக்காணத்து ஏழைகளுக்கு வரும் பெலாக்ரா என்ற நியாசின் வைட்டமின் குறைபாட்டு நோயைப் பற்றி எழுதினார். ட்ரிப்டோஃபேனிலிருந்து உடல் இந்த நியாசினையும் செய்துகொள்கிறது. சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அந்த வழியைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

மாத்திரை விஷயத்தில் 1989-ஐ மறக்கக் கூடாது. அமெரிக்காவில் ட்ரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்ட 1,500-க்கும் மேற்பட்டோர் தாங்க முடியாத தசைவலியோடு நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளரின் சரக்கில் கலந்திருந்த மாசு என்று பிறகு தெரிந்தது. இந்தப் பாதையைக் கரைத்துக் குடித்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஐடிஓவைத் தடுத்துப் புற்றுநோயை மடக்கலாம் என்று மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களிடம் நடத்திய பெரிய சோதனை 2018-ல் பலன் தரவில்லை. அப்படியிருக்க, கடையில் வாங்கிய டப்பாவை வைத்து வீட்டில் நாமே சோதனை நடத்தலாமா?

ஒரே ஒரு வேண்டுகோள். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ட்ரிப்டோஃபேன் மாத்திரை எடுக்கக் கூடாது என்று அடுத்த வார இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். எதிர்வீட்டு அம்மா அதையும் கத்தரித்துப் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
சேலம்.