பேட்டர்னை இழுத்துப் பெரிதாக்கினால் ரவிக்கை பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் கிடைக்கும் ரவிக்கை, சுடிதார் பேட்டர்ன்களை (துணி வெட்டுவதற்கான வரைபடங்களை) பிடிஎஃப் கோப்பாக இறக்கி, கணினியிலேயே அளவு மாற்றித் தைப்பவர்கள் பெருகி வருகிறார்கள். நல்ல வழிதான். இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளே போதும். ஆனால் "எல்லாவற்றையும் செலக்ட் செய்து மூலையைப் பிடித்து இழுங்கள், பெரிய சைஸ் வந்துவிடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது துணியைப் பாழாக்கும் யோசனை. அதைத் திருத்தவே இக்கடிதம்.

மார்பு 36 அங்குல பேட்டர்னை 40 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக இழுத்தால் எல்லா அளவும் 11 சதவீதம் கூடும். 14 அங்குல ஷோல்டர் பதினைந்தரை ஆகிவிடும். 15 அங்குல உயரம் பதினாறரையைத் தாண்டிவிடும். கழுத்தும் அகன்று ரவிக்கை தோளிலிருந்து நழுவும். மார்பு நான்கு அங்குலம் கூடுவதால் ஒருவருக்குத் தோள் எலும்பு அந்த அளவுக்கு நீண்டுவிடுவதில்லை. ஷோல்டருக்கு மொத்தமாக அரை அங்குலம் கூட்டினால் பெரும்பாலும் போதும்.

சரியான முறை காகிதத்தில் வெட்டி விரிப்பதேதான், கத்தரிக்குப் பதில் கணினி. நான்கு அங்குலத்தை முன்பக்கம் இரண்டு பாதி, பின்பக்கம் இரண்டு பாதி என்று பிரித்தால் பாதிக்கு ஓர் அங்குலம் வரும். அந்த ஓர் அங்குலத்தையும் ஒரே இடத்தில் கொட்டக்கூடாது. தோராயமாகச் சொன்னால் கழுத்துப் பக்கம் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), ஷோல்டரில் அரைக்கால், ஆர்ம்ஹோலில் (கை பொருந்தும் வளைவில்) கால், பக்கத் தையலில் அரை அங்குலம். ஒவ்வோர் இடத்திலும் பேட்டர்னின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, கோட்டையும் பீஸையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் டிவிஷன் கொடுத்தால் பீஸ் இரண்டாகப் பிரியும். பிரிந்த துண்டைச் சுட்டியால் இழுக்காமல் டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் எண்ணைத் தட்டி நகர்த்த வேண்டும். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். கையால் நகர்த்தினால் துண்டு மேலேயோ கீழேயோ ஒரு நூல் தள்ளிப்போய், பக்கத் தையலில் முன்பக்கமும் பின்பக்கமும் உயரம் ஒத்து வராது.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. பெரும்பாலான பேட்டர்ன்களில் 5 அல்லது 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். கோப்பைத் திறந்ததும் அது சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்க்ஸ்கேப் வழக்கமாகக் கோட்டின் தடிமனையும் சேர்த்தே அளவு காட்டும். 1 மில்லிமீட்டர் கோட்டில் வரைந்த 100 மில்லிமீட்டர் சதுரத்தை 101 என்று சொல்லும். பிரிஃபரன்ஸஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய், விஷுவலுக்குப் பதில் கோட்டின் தடிமனைச் சேர்க்காத ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் தீரும். இங்க்ஸ்கேப்பில் சேமித்த பழைய எஸ்விஜி (வரைபட) கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 0.92 பதிப்புக்கு முன்பு இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கிட்டது. பிறகு அது 96 ஆயிற்று. பழைய கோப்பைத் திறக்கும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் 36 அங்குல மார்பு 33¾ ஆகச் சுருங்கிவிடலாம். டெய்லர் மேல் குறையே இருக்காது, ரவிக்கை மட்டும் ஏறாது.

பிடிஎஃப் உள்ளே வந்ததும் கோடுகள் பெரும்பாலும் துண்டு துண்டாகவும், குழுக்களாகவும், கிளிப்புக்குள் (ஓரங்களை மறைக்கும் சட்டத்துக்குள்) சிக்கியும் இருக்கும். புள்ளிக்கோடாக இருந்த சைஸ் கோடு நூற்றுக்கணக்கான தனித்தனித் துணுக்குகளாகவே வந்து சேர்வதும் உண்டு. அவற்றை ஒட்டவைக்க மல்லுக்கட்டுவது வீண்வேலை. அவை இருக்கும் லேயரை (அடுக்கை) பூட்டிவிட்டு, மேலே புது லேயரில் பென் டூலால் நமக்கு வேண்டிய சைஸை மட்டும் புதிதாக வரைந்துகொள்வது மேல். ஆர்ம்ஹோல் வளைவுக்கு நான்கைந்து நோடு (கோட்டை வளைக்கும் புள்ளி) போதும். நோடு கூடக்கூட வளைவு நெளியும். நோடைக் குறைக்கிறேன் என்று சிம்ப்ளிஃபை கட்டளையைத் தொடக்கூடாது, அது ஓசைப்படாமல் வளைவையே மாற்றிவிடும்.

வரையும்போது தையல் கோட்டை வரைய வேண்டும், வெட்டுக் கோட்டை அல்ல. தையலுக்கு விட்ட துணியோடு சேர்த்து அளவு மாற்றினால் டார்ட்டும் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் முக்கோணம்) கையும் கணக்கு தவறும்.

டார்ட் மாற்றுவதில்தான் கணினியின் அருமை தெரியும். பக்கத் தையலில் இருந்து வரும் டார்ட்டை மூடி இடுப்பு டார்ட்டோடு சேர்க்க வேண்டுமா? இரண்டு டார்ட்டின் கோடுகளையும் முதலில் அபெக்ஸ் பாயின்ட் (மார்பின் உச்சிப் புள்ளி) வரை நீட்டுங்கள். டார்ட்டின் நுனி அதற்கு முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ முன்பே முடிந்திருக்கும். நுனியிலேயே வைத்துச் சுழற்றினால் மார்பு வளைவு இடம் மாறிவிடும். இடுப்பிலிருந்து அபெக்ஸுக்கும், அங்கிருந்து பக்க டார்ட்டின் வாய்க்கும் ஒரே கோடாகப் போட்டு டிவிஷன் கொடுத்தால் கீழ்ப்பக்கத் துண்டு தனியாகும். அந்தத் துண்டின் மேல் இரண்டாம் முறை சொடுக்கினால் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி தெரியும். அதுதான் சுழலும் மையம். அதை இழுத்து அபெக்ஸில் வைத்து, ஸ்னாப்பிங்கை (புள்ளிகள் தாமே ஒட்டிக்கொள்ளும் வசதியை) இயக்கி, பக்க டார்ட்டின் இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை திருப்புங்கள். பக்க டார்ட் மூடும், இடுப்பு டார்ட் அதே கோணத்துக்குத் திறக்கும். மையத்தை நகர்த்த மறந்தால் துண்டு தன் நடுவிலேயே சுழன்று பீஸை விட்டு விலகிப்போகும். துண்டுகளை யூனியன் கொடுத்து இணைத்தபின் பழைய டார்ட் இருந்த இடத்தில் மீந்திருக்கும் நோடுகளை நீக்கிவிட்டு, புது டார்ட்டின் நுனியை ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்தால் வேலை முடிந்தது.

மார்பைக் கூட்டியதும் ஆர்ம்ஹோல் சுற்றளவும் கூடியிருக்கும். கையின் மேல் வளைவை அதற்கு ஈடாக்காமல் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. விஷுவலைஸ் பாத் என்ற எக்ஸ்டென்ஷனில் உள்ள மெஷர் பாத், வளைந்த கோட்டின் நீளத்தைச் சொல்லிவிடும். முன், பின் ஆர்ம்ஹோலைத் தையல் கோட்டில் அளந்து கூட்டி, கை வளைவு அதைவிடக் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம்வரை கூடுதலாக இருக்கும்படி வைக்கலாம்.

தையலுக்கு விடும் துணியைக் கடைசியில் சேர்ப்பதே முறை. கோட்டுக்கு வெளியே இணைகோடு போடும் ஆஃப்செட் என்ற பாத் எஃபெக்டில் மூலைக்கு மைட்டர் (கூர்முனை) தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மூலைகள் உருண்டுவிடும். அது நாலாபக்கமும் ஒரே அளவு கொடுக்கும். நம் ரவிக்கைக்கு அது ஒத்துவராது. கழுத்துக்குக் கால் அங்குலம், ஆர்ம்ஹோலுக்கு அரை, பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளப் பக்கத் தையலில் ஒன்றரை என்று இடத்துக்கு இடம் வேறு. ஆகவே ஆஃப்செட்டைச் சாதாரணக் கோடாக (பாத்தாக) மாற்றிவிட்டுப் பக்க நோடுகளைத் தனியே நகர்த்த வேண்டும்.

அச்சிடும்போது "ஃபிட்" என்று இருப்பதை "ஆக்சுவல் சைஸ்" ஆக்குவது கட்டாயம். 97 சதவீதத்தில் அச்சானாலே மார்பில் ஓர் அங்குலம் போய்விடும். ஏ4 தாள்களில் ஒட்ட வேண்டுமானால் அக்ரோபேட் ரீடரின் போஸ்டர் வசதியில் 100 சதவீதம் வையுங்கள். கட்டட வரைபடம் அச்சிடும் கடைகளில் 841க்கு 1189 மில்லிமீட்டர் ஏ0 தாளில் ஒரே தாளாகவும் எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் சோதனைச் சதுரத்தின் அகலம், உயரம் இரண்டையும் இரும்பு ஸ்கேலால் அளந்த பிறகே துணியில் கை வைக்க வேண்டும். பழைய இன்ச் டேப் நீண்டுபோயிருக்கும்.

அரசின் இலவசத் தையல் இயந்திரம் வாங்கிய வீடுகள் பலவற்றில், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற மடிக்கணினியும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களின் தையல் பிரிவுகள் இந்த வேலையை ஒரு வாரப் பாடமாக வைத்தாலே, ஒவ்வொரு சைஸுக்கும் காக்கித் தாள் வெட்டி அடுக்கும் தேவை பெரிதும் குறையும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. மகளிர் பக்கத்தில் தையல் வரைபடம் வெளியிடும்போது, அதன் முழு அளவு எஸ்விஜி கோப்பையும் இணையப் பதிப்பில் தாருங்கள். அதில் 5 சென்டிமீட்டர் சதுரம், நூலோட்டத்தைக் காட்டும் அம்பு, தையலுக்கு விட்ட துணி சேர்ந்ததா சேராததா என்ற ஒரு வரிக் குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் பயிற்றுநர் ஒருவர்,
ஈரோடு