சிறுநீரில் தேடும் தடயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணன் பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போனார். கல் சின்னதுதான், பக்கத்துச் சிறுநீரகத்தில் நாலு சென்டிமீட்டர் கட்டி இருந்தது. வலி, ரத்தம் கலந்த சிறுநீர் என்று அதுவரை ஒன்றுமே இல்லை. சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித் தற்செயலாகத்தான் அகப்படுகிறது.

ரத்தத்திலோ சிறுநீரிலோ முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் வேதித் தடயம் கிடைக்காதா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிம்-1 என்ற புரதம், நோய் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலரின் ரத்தத்தில் கூடியிருந்தது. ஆனால் சிறுநீரகத்துக்கு வேறு எந்த அடி விழுந்தாலும் அதே புரதம் ஏறும். அப்புறம் எதை நம்புவது? அக்வாபோரின்-1, பெரிலிபின்-2 என்ற வேறு இரண்டு புரதங்களையும் சிறுநீரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரிலிபின் செல்லுக்குள் கொழுப்புத் துளிகளைப் போர்த்தியிருக்கும் புரதம். இந்தப் புற்றின் முக்கிய வகையில் செல்கள் கொழுப்பால் நிறைந்து, நுண்ணோக்கியில் வெளிறித் தெரியும். அதனால் அந்த யோசனை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இருந்தும் எல்லோருக்கும் செய்யத்தக்க பரிசோதனை என்று எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நோய் அரிது என்பதால், சின்னப் பிழை விகிதம்கூட நோயில்லாத பலரை ஸ்கேனுக்கும், ஊசியால் திசு எடுக்கும் சோதனைக்கும் அலையவிடும். 'ஒரு சொட்டுச் சிறுநீரில் புற்றுநோய்' என்று தலைப்புப் போடும்போது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், தவறான எச்சரிக்கை எத்தனை என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்