ரோட்டரி டிரம்பெட் வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கருவிதான். ஆனால் லீவர்கள் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன, பெல்லின் (ஒலி வெளியே வரும் விரிந்த வாயின்) ஓரத்தில் நெளிவு இல்லை. நல்லதாகக் கிடைத்திருக்கிறது உனக்கு. "பிஸ்டன் டிரம்பெட்டுக்கு வைத்திருக்கும் மவுத்பீஸையும் கேஸையும் இதற்கும் வைத்துக்கொள்ளலாமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும், அதனால் இங்கேயே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: பிஸ்டன் டிரம்பெட்டில் வால்வுகள் மேலும் கீழும் போகும், ரோட்டரியில் லீவரை அழுத்தினால் வால்வுகள் சுழலும். மவுத்பீஸ் என்பது உதட்டை வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனை.

மவுத்பீஸில் பாதியை வைத்துக்கொள்ளலாம். கேஸை வைத்துக்கொள்ள முடியாது.

முதலில் மவுத்பீஸ். பாதி என்று சொன்னது உதட்டில் படும் ரிம்மை. அதை மாற்றாதே. இத்தனை வருடம் உன் உதடு பழகிய வட்டம் அது. கருவி மாறுகிற அதே வாரத்தில் ரிம்மையும் மாற்றினால், எது சரியில்லை என்று உனக்கே பிடிபடாது. மாற்ற வேண்டியது அதற்குக் கீழே இருப்பவை: கப் (ரிம்மை அடுத்த கிண்ணம்), த்ரோட் (கப்பின் அடியில் இருக்கும் துளை), பேக்போர் (துளைக்குப் பின் விரியும் உள்வழி), எல்லாவற்றையும் விட முதலில் ஷாங்க் (கருவிக்குள் செருகும் சரிவான தண்டு).

ஷாங்க்கை ஏன் முதலில் சொல்கிறேன் தெரியுமா? முதல் ரோட்டரி கையில் வந்தபோது நான் எட்டு வருடம் ஊதிய 3சி அளவு பிஸ்டன் மவுத்பீஸையே செருகினேன். கீழே எல்லாம் இனிமையாக இருந்தது. நடு ஸ்தாயியைத் தாண்டியதும் சுரங்கள் தங்க மறுத்தன. பிடித்தால் வழுக்கும், விட்டால் இறங்கும். என் உதடுதான் தளர்ந்துவிட்டது என்று நினைத்து மூன்று வாரம் நீண்ட சுரங்களாக ஊதித் தள்ளினேன். பிறகு குழுவில் ஒரு மூத்தவர் என் கருவியை வாங்கி, மவுத்பீஸை மெதுவாகச் செருகி, இரண்டு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். டொக் டொக் என்று ஆடியது. ரிசீவரின் (மவுத்பீஸைச் செருகும் குழலின்) வாயில் மட்டும் பிடித்துக்கொண்டு, உள்ளே காற்றில் நின்றது ஷாங்க். உதட்டில் ஒரு குறையும் இல்லை.

இன்று செய்யப்படும் பல ரோட்டரி டிரம்பெட்டுகள் நீ வைத்திருக்கும் சாதாரண ஷாங்க்கையே ஏற்கும். பழைய ஜெர்மன் கருவிகளில் அந்த உறுதி கிடையாது. டிரம்பெட் ஷாங்க்கின் சரிவு ஏறக்குறைய 20க்கு 1. அதாவது விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் மவுத்பீஸ் 2 மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ போய்விடும். சாதாரண அச்சுத்தாளின் தடிமனே 0.1 மில்லிமீட்டர்தான். அதை ஷாங்க்கில் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.2 கூடும், மவுத்பீஸ் 4 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். இவ்வளவு சின்ன அளவு இவ்வளவு பெரிய மாற்றம் செய்யும் இடம் கருவியில் வேறு எங்கும் இல்லை என்றே சொல்வேன்.

ஷாங்க்கின் நுனிக்கும், ரிசீவரை அடுத்து வரும் முதல் குழலான லீட்பைப்பின் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். பிஸ்டன் கருவிகளில் 3 மில்லிமீட்டரை ஒட்டியே பேசுவார்கள். அதை வீட்டிலேயே அளக்கலாம். நுனியைத் தட்டையாக வெட்டிய மெல்லிய குச்சியை ரிசீவரின் சுவரோடு ஒட்டி உள்ளே விடு. லீட்பைப் விளிம்பில் முட்டும் இடத்தில் குச்சியில் கோடு போடு. அப்புறம் மவுத்பீஸைச் செருகி, ரிசீவர் வாயருகே ஷாங்க்கில் பென்சிலால் கோடு போட்டு, எடுத்து, நுனியிலிருந்து அந்தக் கோடுவரை அள. முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் இடைவெளி. கூடுதலாக வந்தால் ஷாங்க் தடிமன். ஒன்றுமே வராமல் நுனி லீட்பைப்பில் முட்டி நின்றால் ஷாங்க் மெலிவு. இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வேண்டுமா என்று பார்க்கத் தாள்தான் மலிவான வழி. ஒரு சுற்று சுற்றி ஊதிப் பார். எந்தப் பக்கம் போனால் சுரங்கள் தங்குகின்றன என்று காதுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் புது மவுத்பீஸ் வாங்காதே, உன் பழையதைக் கடைசலுக்கும் கொடுக்காதே.

ஷாங்க் சரியான பிறகுதான் கப்பும் த்ரோட்டும். ரோட்டரி டிரம்பெட்டின் குழல் ஒடுக்கம். உள்விட்டம் 11 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும், பிஸ்டன் கருவிகளில் வழக்கமான 11.66 அளவுக்கு வராது. ஆனால் பெல் அகலம், தகடு மெல்லிசு. பலமாக ஊதும்போது ஒலி கூர்மையாகப் பாயாமல் விரிந்து பரவுவது இதனால்தான். பிராம்ஸையும் புருக்னரையும் வாசிக்க வியன்னா, பெர்லின் பில்ஹார்மோனிக் குழுக்கள் இந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அந்த ஒலிக்காகத்தான். ஆழம் குறைந்த கப்பைப் போட்டால் அந்த விரிவு போய்விடும், மெல்லிய பிஸ்டன் ஒலி போல ஒன்று மிஞ்சும். அதனால் உன் ரிம் அளவிலேயே ஒரு படி ஆழமான கப்பைத் தேடு. கப்பின் ஆழத்தை எழுத்தால் குறிக்கும் பாக் நிறுவன மவுத்பீஸ் வரிசையில் சொன்னால் சி-யிலிருந்து பி பக்கம். மிக ஆழமாகப் போகாதே. கப்பின் கொள்ளளவு கூடக் கூட மேல் சுரங்கள் சுருதி இறங்கும்.

த்ரோட்டுக்குத் துளைக்கருவியின் எண்ணைத்தான் சொல்வார்கள், எண் குறைந்தால் துளை பெரிது. வழக்கமான 27 என்பது 3.66 மில்லிமீட்டர். 24 என்றால் 3.86, 22 என்றால் 3.99. ரோட்டரி வாசிப்பவர்கள் பலர் 22 வரை போவார்கள். நீ 24-ஐத் தாண்டாதே. பெரிய துளை முதல் பத்து நிமிடம் சொர்க்கம் போல இருக்கும், ஒரு முழு சிம்பொனியின் கடைசிப் பகுதியில் மூச்சு போதாது. ரிம்மைத் திருகிக் கழற்றும் மவுத்பீஸ்கள் உண்டு, வியன்னாவின் பிரெஸ்ல்மைர் இதற்குப் பெயர் பெற்றவர்கள். உன்னைப் போல இரண்டு கருவியும் வாசிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. ஒரே ரிம், அடியில் மட்டும் இரண்டு.

சரி, கேஸ்.

பிஸ்டன் டிரம்பெட் ஒல்லியான உருவம். ரோட்டரி படுத்த வாக்கில் அகலமாகப் பரவும். வால்வுகள் மவுத்பீஸுக்கு அருகே, பின்னால் இருக்கும். லீவர்களும் அவற்றை ரோட்டருடன் (வால்வுக்குள் சுழலும் உருளையுடன்) இணைக்கும் கம்பிகளும் ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வியன்னாவில் ஜோசப் ரீடல் 1835இல் காப்புரிமை பெற்ற வால்விலிருந்து வந்த அமைப்பு இது. விரலின் சின்ன அசைவில் சட்டென்று திரும்பும். அந்த நுட்பத்துக்கு விலை இந்த இணைப்புகளின் மென்மை. பிஸ்டன் கேஸில் துண்டுகளை அடைத்து என் ரோட்டரியைக் கொண்டுபோனேன் ஒருமுறை. மூடி லீவரை அழுத்தியே வந்திருக்கிறது. கச்சேரி அன்று காலை மூன்றாவது லீவர் கீழே போனது, மேலே வரவில்லை. அன்று வேறு ஒருவரின் பிஸ்டனில் வாசித்தேன், மேடையில் அழுகையே வந்தது.

ஆகவே கேஸ் வாங்கும்போது மெத்தையின் அழகைப் பார்க்காதே. எடை எதன் மேல் நிற்கிறது என்று பார். பெல்லின் கழுத்தும் முக்கியக் குழல் வளைவும் தாங்க வேண்டும். லீவர், ரோட்டர் மூடிகள், பெல்லின் விளிம்பு ஆகிய மூன்றின் மேலும் எதுவும் படக் கூடாது. மேல் சுரங்களுக்கு உதவும் சிறு சாவிகள் குழலில் இருக்கும் கருவி என்றால் அவற்றின் மேலும்தான். இங்கும் தாள்தான் கருவி. ஒவ்வொரு லீவர் மேலும் ஒரு தாள் துண்டை, நுனி வெளியே தெரியும்படி வைத்து மூடியைப் பூட்டு. பிறகு இழு. தடையில்லாமல் வந்தால் நல்லது. இறுகினால் அந்தக் கேஸ் வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

துணிப்பையா, கெட்டிப் பெட்டியா என்றால் கெட்டிதான். பிரேசிலின் மார்கஸ் போனா போன்றவர்கள் ரோட்டரிக்கென்றே எடை குறைந்த கெட்டிக் கேஸ் செய்கிறார்கள். தோளில் மாட்டும்போது லீவர் இருக்கும் பக்கம் உன் உடம்பை நோக்கி இருக்கட்டும். ரோட்டரியையும் பிஸ்டனையும் சேர்த்து வைக்கும் இரட்டைக் கேஸ் ஆசையாகத்தான் இருக்கும். நடுத் தடுப்பு தடிமனாக இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை இடிக்கும். ஒரு வருடம் ஒற்றைக் கேஸே போதும்.

மவுத்பீஸுக்குத் தனி அறை இருக்க வேண்டும். கருவியில் செருகியபடி மூடாதே. ரோட்டருக்கான எண்ணெய் வேறு, அச்சில் விடும் தடித்த எண்ணெய் வேறு. இரண்டையும் ஒரு சின்னப் பையில் நிமிர்த்தி வை. லீவர் இணைப்பு நூலால் ஆனது என்றால் மாற்று நூலும் சின்னத் திருப்புளியும் கேஸிலேயே கிடக்கட்டும். வாசித்து முடித்ததும் ஸ்லைடுகளை (இழுத்தால் வரும் குழல் வளைவுகளை) கழற்றி ஈரத்தை வடித்த பிறகு மூடு.

படத்தில் இணைப்பு நூலா, உருண்டை மூட்டா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. குச்சியால் அளந்து இடைவெளி எவ்வளவு வந்தது என்றும் எழுது. ஷாங்க்கைப் பற்றி மீதியை அந்த அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா